நாலு மடங்கு

பாகாவ் பட்டணத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே
பல் டாக்டருக்கு மேல்மாடியில்
ஒரே ஒரு துப்பாக்கிக் கடை.
கிராதிக்கு வெளியே செருப்பைக் கழற்றினேன்.
கழற்ற வேண்டியதில்லை என்றாள் தவுக்கேயின் மகள்.
அதற்குள் கழற்றியாகிவிட்டது.

சட்டைப் பையில் நானூற்று இருபது வெள்ளி,
செம்பனைக் குலை விற்றதில் உரத்துக்குப் போனது போக.

மறுநடவு செய்த ஐந்து ஏக்கரில்
கன்று இருநூற்று எண்பது.
காட்டுப்பன்றி குருத்தைக் குடைந்தது அறுபத்தொன்று.
செத்த கன்று ஒவ்வொன்றின் குழியிலும்
சிவப்புக் குச்சி நட்டிருக்கிறேன்.
குச்சிகளை மட்டும் அவை தின்பதில்லை.

பக்கிரி சொல்லியனுப்பியிருந்தான்:
பதினாறு மடங்கு வாங்கு,
பன்றியின் இமைமயிரை எண்ணலாம்.
அவனுக்கு எண்ண நேரமுண்டு.
மகன் சிங்கப்பூரில்.

பச்சைத் துணி விரித்து ஐந்து குழல்களை வைத்தாள் மெய் யென்.
"உங்க பன்னி எவ்வளவு தூரத்துல வரும், அங்கிள்?"
வாய்க்கால் மேட்டிலிருந்து ஐம்பது மீட்டர்.
"எத்தனை மணிக்கு?"
மக்ரிப் பாங்கு ஓய்ந்து, நாய் குரைக்கும் முன்.

"அப்ப நாலு மடங்கு போதும். மாறாத நாலு.
மலிவுச் சாமான்ல பதினாறுன்னா
பெட்டியில எழுதின பதினாறு.
பெருசாக்கினா இருட்டும் சேர்ந்து பெருசாகும்.
மிச்சக் காசுக்கு நல்ல பிடிவளையம் வாங்குங்க.
கண்ணுக்கும் குழலுக்கும் நாலு விரல் இடைவெளி."
என் புருவத்துத் தழும்பைப் பார்த்துத்தான் சொன்னாள்.
இரவல் துப்பாக்கி உதைத்த பிறை அது.

ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
எதிரே மருந்துக்கடைப் பலகை.
முந்நூற்றைம்பது வெள்ளிக் கண்ணாடிக்குள்
எழுத்தெல்லாம் இட்லிச் சட்டி ஆவியில் நின்றன.
மலிவு இப்படித்தான் என்று நினைத்தேன்.
ஒன்றும் பேசாமல் அவள்
ஆயிரத்து எண்ணூறு வெள்ளியை நீட்டினாள்.
அதே ஆவி.
அதே மருந்துக்கடை.
சட்டை நுனியால் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.
"இடக்கண்ல பாருங்க."

மருந்துக்கடை வாசலில் ஒருத்தி சில்லறை எண்ணுகிறாள்.
ஒரு காசு நழுவியது.
அவளுக்கு முன்னே நான் பார்த்தேன்.

"புக்கான் தெரோபோங், அங்கிள்.
மாத்தா."
தாழ்ந்த குரலில் சொன்னாள்,
கடையில் வேறு ஆளே இல்லாதபோதும்.

வருஷா வருஷம் போலீஸ் நிலையத்தில் புதுப்பிக்கும் உரிமத்தில்
என் பெயர், அடையாள எண், துப்பாக்கி எண்,
தோட்டாக் கணக்கு.
எந்தக் கண் என்று கேட்கும் கட்டம் இல்லை.
இருந்தால் என்ன எழுதுவேன்?
அவள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள்.
கண்ணாடி முந்நூற்றைம்பது, வளையம் அறுபத்தைந்து.
மீந்த ஐந்து வெள்ளிக்கு
கீழே தேதாரிக் குடித்தேன், சீனி கூட்டி.

தெய்வநாயகி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.
அரிசி களைந்துகொண்டே போன் போட்டாள்.
செரம்பான் கண் ஆஸ்பத்திரியில்
ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை.

பத்து நாள் விளக்குமாற்றுக் கட்டையை
இடத்தோளில் சாய்த்துப் பழகினேன்.
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்
கோழிக்கூட்டின் பின்னாலிருந்து சுட்டு விளையாடினார்கள்.
மூன்று முறை செத்தேன்.

பதினோராம் நாள் பாங்கு ஓய்ந்தது.
மேட்டைத் தாண்டி ஒற்றைப் பன்றி,
மண் அப்பிய முதுகு, கிழிந்த காது.
குறுக்குக்கோடு அதன் தோளில் அசையாமல் உட்கார்ந்தது.
இடது விரலுக்குத்தான் சேதி போய்ச் சேரவில்லை.
அது மூக்கால் மண்ணைப் புரட்டி,
கன்றைச் சாய்த்து,
வெள்ளைக் குருத்தைக்
கரும்பு மாதிரிக் கடித்துத் தின்றது.
என் நஷ்டத்தை
இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை.

காலையில் குச்சி வெட்டினேன்.
சிவப்புப் பெயிண்ட் தீர்ந்திருந்தது.